பாக்யா ஜெயிக்கலாம்... சந்தோஷமாகவும் இருந்துவிடக் கூடாதா?

'பாக்கியலட்சுமி' சீரியல் ஓடிய ஐந்து வருஷத்தில் தமிழ்நாட்டில் அதிகமாகத் திட்டு வாங்கிய ஆண் யார் என்று கேட்டால், அரசியல்வாதிகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கோபி என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் திட்டு விழும். மதியம் மறுஒளிபரப்பும் பார்த்துவிட்டால் இன்னொரு அரை மணி நேரம்.

சீரியல் பார்க்காத புண்ணியவான்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 2020 ஜூலையில், ஊரே கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்துகிடந்தபோது விஜய் டி.வி-யில் தொடங்கியது 'பாக்கியலட்சுமி'. வீட்டு வேலையைத் தவிர வேறு உலகம் தெரியாத பாக்யா. அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காத கணவன் கோபி. கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகா மறுபடியும் அவன் வாழ்க்கைக்குள் வருகிறாள். மூன்று பிள்ளைகளும் வளர்ந்து நிற்கிற வயதில் கோபி மனைவிக்குத் தெரியாமல் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்குகிறான். இதில் கொடுமை என்னவென்றால், அந்த ராதிகாவும் பாக்யாவும் தோழிகள். பாக்யாவாக சுசித்ரா, கோபியாக சதீஷ், ராதிகாவாக ரேஷ்மா. 2025 ஆகஸ்ட்டில்தான் முடிந்தது.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை தோறும் டி.ஆர்.பி பட்டியல் வரும். இந்த வாரம் யார் முதலிடம், எந்தக் காட்சிக்கு எகிறியது என்று பேச்சு ஓடும். ஆனால், அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் எனக்கு கோவில்பட்டியில் ஆச்சி வீட்டு முன்னறையில்தான் கிடைத்தார்கள். ஆச்சி, அம்மா, பெரியம்மா, லீவுக்குப் போகும்போது நான். சில நாள் எதிர்வீட்டு அக்காவும் கடலை உரித்தபடி வந்து உட்கார்ந்துகொள்வார்.

இதில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரியப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். மாசம் ஒருமுறை வந்தவர், தீபாவளிக்கு மட்டும் வந்தார். அப்புறம் வரவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம். இது நடந்து பதினாலு வருஷம் ஆகிறது. பெரியம்மா கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத" என்றார்.

அந்த முன்னறையில், கோபியின் கதையைத் தன் கதையாகப் பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அங்கே வாயைத் திறக்காமல் பார்த்தவரும் அவர்தான்.

*

கள்ள உறவுக் கதையை சீரியல்காரர்கள் எப்படி இழுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ரகசியம் நமக்கு முதல் மாசமே தெரிந்துவிடும். வீட்டில் ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்வார்கள். சம்பந்தப்பட்டவளுக்கு மட்டும் தெரியாது. பாக்யாவுக்கு உண்மை தெரிய 2022 ஆகிவிட்டது. கோபி விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஏறத்தாழ இரண்டு வருஷம், வாரத்துக்கு ஐந்தாறு நாள், 'இன்னிக்குத் தெரிஞ்சுடும், நாளைக்குத் தெரிஞ்சுடும்' என்று நம்மைக் கட்டிப்போட்டது அந்த ஒற்றைக் கயிறுதான்.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டு, கடைசி நொடியில் கோபி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் காட்சி வந்தால் போதும். ஆச்சி சேரின் நுனிக்கு வந்துவிடுவார். "ஏட்டி, யாராச்சும் அவகிட்ட சொல்லித் தொலைங்களேன். இம்புட்டுப் பேருக்குத் தெரியுது, ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

அந்த நாள்களில் ஒன்றில், சமையலறையில் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு இந்தக் கட்டுரையின் தொடக்கம். பெரியப்பா விஷயம் மாமாவுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. திருப்பூரில் நேரில் பார்த்திருக்கிறார். ஆச்சியிடம் வந்து சொல்லியிருக்கிறார். 'தானா சரியாயிரும், அவளுக்குச் சொன்னா ரகளை ஆயிரும்' என்று இரண்டு பேரும் எட்டு மாசம் அமுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியம்மா அந்த எட்டு மாசமும் அவர் அனுப்பாத பணத்துக்கு அவருக்காக வட்டிக்கடையில் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆச்சி பொய்யாக அழவில்லை. டி.வி முன்னால் அவர் கண்ணில் வந்த தண்ணீர் நிஜம்தான். யாரோ எழுதி, யாரோ நடிக்கிற ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொல்லச் சொல்லி அவரால் கத்த முடிந்தது. அதே வீட்டில் இருந்த மகளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்து என்ன என்று கேட்க வேண்டும். வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், மாமாவின் தோளில் விழும் பாரம், தெரு. சீரியலில் 'அடுத்து என்ன' என்பதைச் சேனல் பார்த்துக்கொள்ளும்.

*

கோபத்தை யார் மேல் எவ்வளவு கொட்டினோம் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை.

கோபிக்கு ஆச்சி வைத்திருந்த பெயர் 'எடுபட்ட பய'. கிட்டத்தட்ட செல்லப் பெயர் மாதிரி. ராதிகாவுக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே அச்சிட முடியாது. ராதிகா யாரையும் ஏமாற்றித் தொடங்கியவள் இல்லை. விவாகரத்து ஆனவள், ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நின்றவள், கோபி சொன்ன பாதி உண்மைகளை நம்பியவள். கதை இதையெல்லாம் விலாவாரியாகவே காட்டியது. எங்கள் முன்னறையில் எடுபடவில்லை. "அவ இடம் கொடுக்காம இவன் போயிருப்பானா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டால், எல்லா தலைகளும் ஆடும்.

கோபிக்கு நடந்தது வேறு கதை. ராதிகாவைக் கல்யாணம் செய்த பிறகு அவர் மெல்ல மெல்ல காமெடி ஆள் ஆகிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, அம்மாவிடம் ஓடிவந்து ஒப்பாரி வைப்பது, பாக்யாவின் சாப்பாட்டுக்கு ஏங்குவது. சதீஷின் முகம் அதற்கென்றே செய்தது மாதிரி. நானே சிரித்திருக்கிறேன். மீம்களில் அவர்தான் ராஜா. ஒருகட்டத்தில் ஆச்சி, "பாவம்ட்டி, ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து அவனைப் படுத்துறாளுவ" என்றார். இரண்டு வருஷம் மண்ணை வாரித் தூற்றிய அதே ஆச்சி!

வில்லன்களிடம் நாம் இப்படித்தான் போல. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை எவ்வளவு திட்டினோம். 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து மாரிமுத்து இறந்துபோனார். அன்று ராத்திரி ஆச்சி சாப்பிடவில்லை. 'நல்ல மனுஷன்' என்று புலம்பினார். அது நடிகருக்கான துக்கம், நியாயமானது. ஆனால், மருமகள்களைக் கொத்தடிமையாக வைத்திருந்த அந்தப் பாத்திரத்தின் மேலேயே ஊருக்கு ஒரு பிரியம் வந்திருந்தது என்பதும் நிஜம்தானே. சீரியல் ஆண்களுக்கு மன்னிப்பு சிரிப்பு வழியாக வந்துவிடுகிறது. ராதிகா ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட யாரையும் சிரிக்க வைக்கவில்லை. அவளுக்கு அந்த வசனமே யாரும் எழுதித் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு சட்டத் தகவல். ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கும்போது தெரிந்துகொண்டது, இன்றுவரை மறக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு இருந்தது. திருமணமான பெண்ணோடு உறவு வைத்த ஆண் மேல், அந்தப் பெண்ணின் கணவன் புகார் கொடுக்கலாம். ஏமாற்றிய ஆணின் மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையே கிடையாது. 2018 செப்டம்பர் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. இன்றைக்கு இது விவாகரத்துக்கான காரணம், குற்றம் இல்லை. அதாவது, பழைய சட்டம் இருந்த காலத்திலும்கூட அந்தப் பிரிவில் என் பெரியம்மாவின் பேச்சுக்கு இடமே இல்லை.

*

2023-ல் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "பத்திரிகையில் அப்பா பேர் இருக்கணும், மணையில் அப்பா உட்காரணும். நாலு பேர் கேப்பாங்க இல்லையா?"

பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, புது செருப்பு. மண்டப வாசலில் மாமா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "வாங்க அத்தான்." ஆச்சி எழுந்து நின்று, "வாங்க மாப்ளே, பயணம்லாம் சௌரியமா?" என்றார். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றச் சொன்னது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. "ரொம்ப இளைச்சுட்டாரு பாவம்" என்று ஒரு சித்தி சொல்ல, "அங்க அவ சரியா கவனிக்கிறதில்ல போல" என்று இன்னொரு சித்தி. முகம்கூடத் தெரியாத அந்தத் திருப்பூர் பெண்ணுக்கு அன்றைக்கும் திட்டு விழுந்தது.

பெரியம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தாரை வார்த்தார்கள். பெரியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்போது மொய் மேஜைக்குப் போய் ஒரு கவரை நீட்டினார். நோட்டு எழுதிக்கொண்டிருந்தவர் எங்கள் தெருக்காரர். ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி முழித்தார். அப்புறம் எழுதினார்: 'பெண்ணின் தகப்பனார் - ரூ.5,001.'

பெரியம்மா அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார். அதைக் காட்டும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கேலியா, வேறு எதுவுமா என்று என்னால் பிரிக்க முடியாத ஒரு சிரிப்பு.

*

பழிவாங்கல் என்று வந்தால் எங்கள் முன்னறையில் ஒரே கட்சிதான். பாக்யா ஜெயிக்கணும். ஜெயித்தாள். மசாலா, கேட்டரிங், உணவகம் என்று ஒவ்வொரு படியாக ஏறினாள், அதுவும் மாமியார் ஈஸ்வரி பெயரையே வைத்து. பணம் எண்ணும் காட்சி வந்தால் அம்மா கைதட்டுவார். கோபி வாய் பிளந்து நிற்கும் காட்சியை இரண்டு முறை பார்ப்பார்கள்.

அப்புறம் பழனிசாமி வந்தார். ரஞ்சித் நடித்த பாத்திரம். மரியாதையான மனுஷர். பாக்யாவை 'மேடம்' என்று கூப்பிட்டு, அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற ஆள். அவள் சிரிக்கிற மாதிரி பேசத் தெரிந்தவர். அவ்வளவுதான், முன்னறையில் காற்று மாறிவிட்டது.

"இந்த வயசுல இவளுக்கு என்னத்துக்கு இதெல்லாம்?" என்றார் ஆச்சி.

"பேரன் பேத்தி எடுத்தவ" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"ஃப்ரெண்டாவே இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு மேல வேணாம்ப்பா" என்றார் அம்மா. என் அம்மா எம்.ஏ படித்தவர்.

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அவருடைய கம்பெனியில் சில வருஷங்களுக்கு முன்பு மனைவியை இழந்த ஒருவர் வேலை பார்த்தார் என்பதும், அவர் முறையாக வீட்டுக்கு வந்து பேசினார் என்பதும், மாமா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார் என்பதும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதே விவாதம் எங்கள் வீட்டில் 'கோலங்கள்' காலத்திலும் நடந்திருக்கிறது. நான் அப்போது சின்னப்பிள்ளை. அபிக்கும் தொல்காப்பியனுக்கும் நடுவில் இருப்பது நட்பா, அதற்கு மேலா என்று பெரியவர்கள் சண்டை போட்டது லேசாக ஞாபகம் இருக்கிறது. நட்பு என்று சொன்ன கட்சிதான் ஜெயித்தது. அபியை ரொம்பப் பிடித்தவர்கள்தான் அதில் பிடிவாதமாக நின்றவர்கள்.

'பாக்கியலட்சுமி' தமிழில் பிறந்த கதை இல்லை. 2019-ல் வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமோயி'தான் மூலம். அதிலிருந்து இந்தியில் 'அனுபமா', மராத்தியில் 'ஆயி குட்டே காய் கர்தே', மலையாளத்தில் 'குடும்பவிளக்கு' எல்லாம் கிளைத்தன. வங்காளத்து ஸ்ரீமோயி ரோஹித் சென்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்தி அனுபமா 2022-ல் அனுஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். வளர்ந்த பிள்ளைகள் முன்னால், மருதாணி, சங்கீத் என்று அமர்க்களமாக. மராத்தி அருந்ததி ஆஷுதோஷை. மலையாளத்து சுமித்ரா, பக்கத்து மாநிலம்தான், அவளும் ரோஹித்தை. அந்தக் கல்யாணங்களுக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று சொல்லவில்லை. சீரியலில் யார் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள்? ஆனால், மணமேடை வரை போனார்கள். நம் பழனிசாமி கடைசிவரை நண்பராகவே நின்றுவிட்டார்.

நம் ஊர் எழுத்தாளர்களுக்குத் தைரியம் இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கு எங்கள் முன்னறை தெரியும். கோபியைக் கழுவி ஊற்றுகிற முன்னறை, பாக்யாவிடம் கேட்கிற விலை என்ன என்பதும் தெரியும். அவள் உழைக்கலாம், சம்பாதிக்கலாம், கோபியைத் தலைகுனிய வைக்கலாம். அவளுக்கென்று சாயங்காலம் ஒருவர் டீ போட்டுக் கொடுத்து, 'இன்னிக்கு எப்படிப் போச்சு?' என்று கேட்டால் மட்டும், இத்தனை நாள் அவளுக்காக அழுத கண்ணெல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும். அவள்மேல் நமக்கு இருந்த பரிதாபமே அவள் தனியாக இருக்கிறாள் என்பதால்தானோ என்னவோ.

*

கடைசியில் ராதிகாவும் கோபியை விட்டுப் போனாள். கோபி மறுபடியும் பாக்யா வாசலுக்கே வந்து நின்றார். 'சேர்த்துக்கொள்' என்று மாமியார் கெஞ்சினார். பாக்யா சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பலத்த வரவேற்பு. ஆச்சிகூட, "சரியான முடிவு, இனி அவன் என்னத்துக்கு?" என்றார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் 'பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ, திரும்பி வந்தா சேத்துக்கோ' என்று மகளிடம் சொன்னவர். சீரியல் மனிதர்களை மாற்றாது என்பவர்களிடம் இந்த ஒன்றை நான் சாட்சியாக வைப்பேன்.

பெரியம்மாவிடம் கேட்டேன், "முடிவு பிடிச்சிருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டல் இருக்கு, காசு இருக்கு" என்றவர், கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னார். "ஓட்டலைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தப்புறம் அவ யாரோட பேசுவா? அதை ஒரு நாளாச்சும் காட்டுவாங்கன்னு பாத்தேன்."

உங்களுக்குப் பழிவாங்கணும் என்று தோன்றியதே இல்லையா என்றும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கேஸ் புக்கு இன்னும் அவர் பேர்ல இருக்கு. சிலிண்டர் போடுற பையன் இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறான். அதை மாத்தணும்."

ஏஜென்சியில் விசாரித்திருக்கிறார்கள். பெயர் மாற்ற அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். அதற்குத் திருப்பூர் போக வேண்டும். தனியாகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்க பெரியம்மாவுக்குக் கூச்சம், மாமாவுக்கு 'இப்ப எதுக்கு இது' என்று எரிச்சல்.

போன வாரம் ஆச்சி போன் செய்தார். சீரியல் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, திருப்பூருக்கு ரெண்டு டிக்கெட் போடு. எனக்கு கீழ் பெர்த்து. அவன்கிட்ட நானே கேக்கேன் கையெழுத்து."